அஞ்சு லிட்டர் பெட்ரோலில் ஒரு லிட்டர் வயலில் விளைந்தது!

பெட்ரோல் பங்க்கில் ஸ்கூட்டரை நிறுத்தி, ‘அஞ்சு லிட்டர் போடுங்க’ என்கிறார் ஒருவர். மீட்டர் பூஜ்ஜியத்தில் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறார். மீட்டர் சரியாகத்தான் ஓடுகிறது. ஆனால், அவர் டேங்க்கில் விழுந்த ஐந்து லிட்டரில் நாலு லிட்டர்தான் பூமிக்கு அடியிலிருந்து வந்தது. மீதி ஒரு லிட்டர், கொஞ்ச காலத்துக்கு முன்பு ஏதோ ஒரு வயலில் கரும்பாகவோ மக்காச்சோளமாகவோ காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

‘இ-20’ என்பதன் அர்த்தம் இதுதான். 100-க்கு 20 பங்கு எத்தனால். 2014-ல் இந்தியப் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 2 சதவிகிதம்கூட இல்லை. 2030-க்குள் 20-ஐத் தொடலாம் என்றுதான் முதலில் கணக்குப் போட்டார்கள். அதை முன்னுக்கு இழுத்து 2025-லேயே தொட்டாயிற்று.

‘மைலேஜ் குறையுதே’, ‘எத்தனால் கலந்தால் இன்ஜின் போயிடுமாமே’ என்று வாட்ஸ்அப்பில் நடக்கும் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. செடிக்குள் வண்டியை ஓட்டும் அளவுக்குச் சக்தி எப்படி வந்தது? ஒரு வயலில் அது எவ்வளவுதான் இருக்கும்?

மரம் எதைத் தின்று வளர்கிறது?

17-ம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் வாழ்ந்த மருத்துவர் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மோன்ட். மரம் மண்ணைத் தின்றுதான் வளர்கிறது என்று ஊரே நம்பிய காலம் அது. அவருக்குச் சந்தேகம். 90 கிலோ மண்ணை அடுப்பில் காயவைத்து, எடை போட்டு, ஒரு தொட்டியில் கொட்டினார். அதில் இரண்டேகால் கிலோ எடையுள்ள வில்லோ கன்றை நட்டார். (கிரிக்கெட் மட்டை செய்கிறார்களே, அந்த ஜாதி மரம்.) வெளியிலிருந்து தூசி விழாதபடி தொட்டிக்கு ஓட்டை போட்ட தகர மூடி. தண்ணீரைத் தவிர வேறு எதுவும் ஊற்றவில்லை.

ஐந்து வருஷம் காத்திருந்தார். மரத்தைப் பிடுங்கி எடை போட்டால், ஏறத்தாழ 77 கிலோ! மண்ணை மறுபடி காயவைத்து நிறுத்தார். குறைந்திருந்தது வெறும் 57 கிராம்.

மரம் மண்ணைத் தின்னவில்லை என்பது உறுதியாயிற்று. அப்படியென்றால் 75 கிலோ எங்கிருந்து வந்தது? ‘தண்ணீர்தான் மரமாகிவிட்டது’ என்று முடிவுகட்டினார் ஹெல்மோன்ட். பாதி சரி. மீதிப் பாதியை அவர் தவறவிட்டதுதான் வேடிக்கை. ஏனென்றால், ‘கேஸ்’ என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்தவர் அவர். 62 பவுண்டு கரியை எரித்தால் ஒரு பவுண்டு சாம்பல்தான் மிஞ்சுகிறது, மற்றதெல்லாம் ஒரு வாயுவாகப் போய்விடுகிறது என்றும் அவரே எழுதிவைத்தார். எரியும் மரத்திலிருந்து கிளம்பும் அந்த வாயுதான், வளரும் மரத்துக்குள் போகிறது என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அந்த வாயு, கார்பன் டை ஆக்ஸைடு. அவர் இறந்த பிறகு, 1648-ல் அவர் மகன் இந்தக் குறிப்புகளைப் புத்தகமாகக் கொண்டுவந்தார்.

செடியின் வேலை சுருக்கமாக இதுதான். காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்ஸைடையும் வேர் உறிஞ்சும் தண்ணீரையும் வெயிலின் பலத்தைக்கொண்டு ஒட்டவைத்துச் சர்க்கரையாக்குகிறது இலை. ஆக்சிஜனை வெளியே விட்டுவிடுகிறது. எரிப்பது என்றால், அதே பாதையில் திரும்பி நடப்பது. ஆக்சிஜனைத் திருப்பிக் கொடுத்தால் கார்பன் டை ஆக்ஸைடும் தண்ணீரும் பிரிந்துபோகும். ஒட்டவைக்கும்போது உள்ளே போன வெயில், வெப்பமாக வெளியே வரும். அடுப்பில் எரியும் விறகு, சில வருஷங்களுக்கு முந்தைய வெயில். நெய்வேலி நிலக்கரி, பல கோடி வருஷங்களுக்கு முந்தைய வெயில். இரண்டுக்கும் வித்தியாசம் வயதில்தான்.

ஆனால், அந்த வயதில்தான் விவகாரமே இருக்கிறது. கரும்பை எரித்தால் வெளியேறும் கார்பன், போன வருஷம் காற்றிலிருந்து அது எடுத்தது. வரவுக்குச் செலவு சரி. நிலக்கரியை எரித்தால், மனிதனே இல்லாத காலத்தில் புதைந்த கார்பன் இன்றைய காற்றில் புதிதாகச் சேருகிறது. தாவர எரிபொருளைச் ‘சுத்தமானது’ என்று சொல்வதற்கு அடிப்படை இந்தக் கணக்குதான். உழுத டிராக்டரின் டீசல், யூரியா தயாரிக்க எரித்த எரிவாயு, ஆலையில் காய்ச்சும் செலவு எல்லாவற்றையும் கழித்த பிறகு அது எவ்வளவு மிஞ்சுகிறது என்பது ஊருக்கு ஊர் மாறும்.

பதநீர் கள்ளாகும் கதை

சர்க்கரையை அப்படியே டேங்க்கில் கொட்ட முடியாது. திரவமாக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஈஸ்ட். சுண்ணாம்பு தடவாத பானையில் இறக்கிய பதநீர், சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடுகிறதே, அதே வேலைதான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று, எத்தனாலையும் கார்பன் டை ஆக்ஸைடையும் கக்குகிறது. நுரை, அந்த வாயு.

இதில் ஓர் அதிசயம் உண்டு. சர்க்கரையின் எடையில் ஏறத்தாழ பாதி, வாயுவாகப் பறந்துவிடுகிறது. ஆனால், அதற்குள் இருந்த ஆற்றலில் 97 சதவிகிதம் எத்தனாலிலேயே தங்கிவிடுகிறது. கனத்தைக் கழித்துவிட்டுச் சக்தியை வைத்துக்கொள்ளும் இந்த வித்தையை எந்த இன்ஜினீயரும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஈஸ்ட்டுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. கலவையில் எத்தனால் 12, 15 சதவிகிதத்தைத் தாண்டினால் தான் கக்கியதிலேயே தான் செத்துப்போகும். எனவே, காய்ச்சி வடிக்க வேண்டும். எவ்வளவு வடித்தாலும் 95 சதவிகிதத்துக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கும். கடைசித் துளித் தண்ணீர் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உறிஞ்ச, நுண்துளை உள்ள சலிக்கும் பொருள்களை வைத்திருக்கிறார்கள். அதற்கும் பிறகுதான் பெட்ரோலோடு சேரும் தகுதி அதற்கு வருகிறது.

மைலேஜ் சண்டைக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. எத்தனால் மூலக்கூறில் ஏற்கெனவே ஓர் ஆக்சிஜன் அணு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதாவது, அது கொஞ்சம் எரிந்து முடித்த எரிபொருள். அதனால் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும். 20 சதவிகிதக் கலப்புக்கு, இ-10-க்கு ஏற்பச் சீர்செய்யப்பட்ட பழைய கார்களில் 6, 7 சதவிகிதமும், டூ வீலர்களில் 3, 4 சதவிகிதமும் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருந்தது. பதிலுக்கு, எத்தனாலின் ஆக்டேன் எண் அதிகம். அதற்கென்றே வடிவமைத்த இன்ஜின் அந்த நஷ்டத்தில் ஒரு பகுதியைத் திருப்பிப் பிடித்துவிடும். பழைய வண்டி வைத்திருப்பவரின் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. ‘டேங்க் வெடிக்கும்’ என்பது வெறும் ஃபார்வர்டு.

ஒரு ஏக்கர் கணக்கு

இனி, கேள்வியின் இரண்டாம் பாதி. வயலில் சக்தி எவ்வளவு இருக்கும்?

ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு வருஷத்தில் விழும் வெயிலை மின்சார யூனிட்டாக மாற்றிச் சொன்னால், நம் ஊரில் ஏறத்தாழ 80 லட்சம் யூனிட். அந்த ஏக்கரில் கரும்பு போட்டு, நல்லபடியாக 40 டன் வெட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் கரும்பின் சாற்றை முழுவதும் எத்தனாலாக்கினால் 70 லிட்டர் கிடைக்கும். 40 டன்னுக்கு 2,800 லிட்டர். அதில் அடங்கியிருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 16,000 யூனிட்.

80 லட்சத்தில் 16,000. அதாவது, ஆயிரத்தில் இரண்டு பங்கு! சக்கையை எரித்து எடுக்கும் வெப்பத்தையும் சேர்த்தால், ஆயிரத்தில் ஐந்து. இத்தனைக்கும், பயிர்களிலேயே வெயிலைத் திறமையாகப் பிடிப்பவற்றில் ஒன்று கரும்பு.

அதே ஏக்கரில் சோலார் பேனல் வைத்தால் வருஷத்துக்கு ஏறத்தாழ 3 லட்சம் யூனிட் வரும். தண்ணீர் பாய்ச்சும் வேலை இல்லை. அவ்வப்போது துடைத்தால் போதும். அதற்காகக் கரும்பைக் கேலி செய்யக் கூடாது. பேனல் கொடுக்கும் மின்சாரத்தை அப்போதே செலவழிக்க வேண்டும், அல்லது பேட்டரி வாங்க வேண்டும். செடியோ, தன் பேட்டரியைத் தானே வளர்த்துக்கொண்டு வரும் பேனல். விதை போட்டால் முளைக்கும். பழுதானால் மட்கும். சக்தியை மாதக்கணக்கில் டிரம்மில் அடைத்துவைக்கலாம். அந்த வசதிக்குக் கொடுக்கும் விலை, நிலமும் தண்ணீரும்.

தண்ணீர்க் கணக்கையும் நிதி ஆயோக் அறிக்கையே போட்டிருக்கிறது. கரும்புச் சர்க்கரையிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க, பயிருக்குப் போகும் தண்ணீர் ஏறத்தாழ 2,860 லிட்டர். கோடையில் சென்னைத் தெருக்களுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முழு லாரியையும் கரும்புக்குப் பாய்ச்சினால், நாலு லிட்டர் எத்தனால் சொச்சம் கிடைக்கும். இ-20 பெட்ரோலாகச் சொன்னால், ஸ்கூட்டருக்கு நாலு தடவை நிரப்பலாம்.

மிச்சம் தீர்ந்தபோது...

இவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்றால் ஏன் ஆரம்பித்தார்கள்? ஆரம்பித்தது கரும்பில் அல்ல, அதன் மிச்சத்தில்.

சர்க்கரை ஆலையில் சர்க்கரையைப் பிரித்தெடுத்த பிறகு கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு பாகு மிஞ்சும். அதுதான் மொலாசஸ். அதற்கு மேல் அதிலிருந்து சர்க்கரை எடுப்பது கட்டுப்படியாகாது. அதை நொதிக்கவைத்து எரிசாராயம் எடுப்பது பழைய தொழில். அந்த எரிசாராயத்தில் ஒரு பகுதியை வண்டிக்குத் திருப்பியதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆலைக்குக் கூடுதல் வருமானம்; கரும்பு விவசாயிக்கு நிலுவைத் தொகை கொஞ்சம் சீக்கிரம் வந்தது; கச்சா எண்ணெய்க்குப் போகும் அந்நியச் செலாவணி மிச்சம். தண்ணீரை ஏற்கெனவே சர்க்கரைக் கணக்கில் எழுதியாயிற்று.

ஆனால், மிச்சம் என்பது கொஞ்சமாகத்தான் இருக்கும். ஒரு டன் கரும்புக்கு 100 கிலோ சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸில் கிடைப்பது 10 லிட்டர் சொச்சம் எத்தனால். 70 லிட்டர் வேண்டும் என்றால், சர்க்கரையே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். 20 சதவிகிதக் கலப்புக்கு நாட்டுக்கு வருஷத்துக்கு ஆயிரம் கோடி லிட்டர் எத்தனால் தேவை. 10 லிட்டரை வைத்துக்கொண்டு அந்த மலையை ஏற முடியாது.

சாறுக்குப் போனார்கள். 2023-ல் மழை பொய்த்து, சர்க்கரை உற்பத்தி குறையும் என்ற பயம் வந்ததும், அந்த டிசம்பரில் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க மத்திய அரசு தடைபோட்டது. அடுத்த வருஷம் தளர்த்தியது. தீபாவளிப் பலகாரமா, பெட்ரோலா என்று கேட்டால் எந்த அரசும் பலகாரத்தைத்தான் தேர்ந்தெடுக்கும். பிறகு தானியத்துக்குப் போனார்கள். உடைந்த அரிசி, அரசுக் கிடங்கு அரிசி, எல்லாவற்றுக்கும் மேலாக மக்காச்சோளம். 2024-25-ல் எத்தனாலுக்கு அதிகம் பயன்பட்ட மூலப்பொருளே மக்காச்சோளம்தான்.

இங்கேதான் பெட்ரோல் பங்க்கின் ஹோஸ் நாமக்கல்வரை நீள்கிறது. முட்டைக் கோழியின் தீவனத்தில் ஏறத்தாழ பாதி மக்காச்சோளம். ஒரு டன் மக்காச்சோளத்துக்கு 380 லிட்டர் எத்தனால் என்பது கணக்கு. ஆக, ஸ்கூட்டரில் அஞ்சு லிட்டர் போட்டபோது உள்ளே போன அந்த ஒரு லிட்டருக்கு, இரண்டரைக் கிலோவுக்கு மேல் மக்காச்சோளம் செலவாகியிருக்கும். ஒரு கோழி ஒன்றரை மாதத்துக்குத் தின்னும் அளவு அது. மாவுச்சத்து போன சக்கையில் புரதம் அப்படியே இருக்கும் என்பதால், எடையில் மூன்றில் ஒரு பங்கு தீவனமாகத் திரும்பிவரும். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும், மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா, 2024-ல் ஏற்றுமதியைவிட அதிகமாக இறக்குமதி செய்யும் நாடாகிவிட்டது. கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கக் கிளம்பியவர்கள், மக்காச்சோளத்தை இறக்குமதி செய்ய நேர்ந்திருக்கிறது. மறுபக்கம், மக்காச்சோளம் போட்ட விவசாயிக்கு முன்பைவிட நல்ல விலை கிடைத்தது. கோழிப் பண்ணைக்காரரின் கவலையும் சோள விவசாயியின் சந்தோஷமும் ஒரே மூட்டையில் இருக்கின்றன.

‘பிரேசில் செய்யவில்லையா?’ என்று கேட்பவர்கள் உண்டு. செய்தது, 1975-லிருந்து. அங்கே சாவ் பாலோ பக்கம் கரும்பு பெரும்பாலும் மழையிலேயே விளைகிறது, நிலம் கிடக்கிறது, ஆலையே சக்கையை எரித்து ஓடுகிறது. அப்படியும் ஒரு முறை அடிபட்டார்கள். 1980-களின் மத்தியில் அங்கே விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் முழு எத்தனாலில் ஓடுபவை. 1989-ல் எத்தனாலுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தது. சர்க்கரைக்கு நல்ல விலை கிடைத்த நேரம் அது. வண்டிகள் பங்க்குகளில் வரிசைகட்டின. எத்தனால் கார் என்றாலே வாங்க யோசித்தார்கள். பெட்ரோல், எத்தனால் எதை ஊற்றினாலும், எந்த விகிதத்தில் ஊற்றினாலும் ஓடும் ‘ஃபிளெக்ஸ்’ கார்கள் 2003-ல் வந்த பிறகுதான் நம்பிக்கை திரும்பியது. எது மலிவோ அதைப் போட்டுக்கொள்ளும் சுதந்திரம் அங்கே கார்க்காரருக்கு இருக்கிறது. இங்கே பங்க்கில் அந்தக் கேள்வியே கிடையாது.

காட்டாமணக்கு ஏமாற்றியது ஏன்?

விளைநிலத்தைத் தொடாமல், தரிசில் எரிபொருள் விளைவிக்கலாமே என்ற யோசனையும் வந்து போயிருக்கிறது. 20 வருஷத்துக்கு முன்பு பேப்பரைத் திறந்தால் காட்டாமணக்கு. ஆடு மாடு கடிக்காது, வேலியில் தானாக வளரும், விதையில் எண்ணெய் இருக்கிறது, அதை பயோடீசல் ஆக்கலாம். திட்டக் குழுவின் 2003 அறிக்கை, ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஹெக்டேரில் இதை நடுவது பற்றிப் பேசியது. தமிழ்நாட்டிலும் கன்று கொடுத்தார்கள், மானியம் கொடுத்தார்கள்.

செடி சாகவில்லை. காய்க்கவும் இல்லை. வறட்சியைத் தாங்கி நிற்பது ஒரு குணம். விதைக்குள் எண்ணெயை நிரப்புவது வேறு குணம். எண்ணெய் என்பது செடி சேமித்த வெயில். அதைச் சேமிக்க இலை முழு வேகத்தில் வேலை செய்ய வேண்டும். அதற்குத் தண்ணீரும் உரமும் வேண்டும். அதைக் கொடுக்கும் நிலத்தில் நிலக்கடலையே போட்டுவிடலாமே! (1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள் என்பது கொசுறுத் தகவல்.) காட்டாமணக்கு விதையில் நஞ்சு இருப்பதால், பிழிந்த புண்ணாக்கை மாட்டுக்கும் வைக்க முடியாது. நட்ட பலர் பிடுங்கிப் போட்டார்கள்.

வைக்கோலுக்குள் பூட்டிய சர்க்கரை

அப்படியானால் உணவையும் தொடாமல், தனியாகவும் பயிர் செய்யாமல், வயலில் மிஞ்சுவதை மட்டும் எடுத்தால்?

விஞ்ஞானிகளின் நெடுநாள் ஆசை அதுதான். அரிசியில் இருக்கும் மாவுச்சத்தும், வைக்கோலில் இருக்கும் செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸ் மணிகளால் கோத்த மாலைகள். கோத்த விதம் மட்டும் வேறு. மாவுச்சத்தில் மணிகள் சுருள் சுருளாக வளைந்து, தண்ணீருக்கும் எச்சிலுக்கும் இடம் விடுகின்றன. செல்லுலோஸில் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி, நேர்க்கோடாக நீண்டு, பக்கத்து மாலையோடு இறுகப் பிணைந்துகொள்கின்றன. அதன்மேல் லிக்னின் என்ற பசையைப் பூசிக் கட்டியிருக்கிறது செடி. புயலில் நிற்க வேண்டுமே! சோறு மனிதனுக்கு, வைக்கோல் மாட்டுக்கு என்று பிரிந்தது இதனால்தான். மாடும் தானாகச் செரிப்பதில்லை. அதன் வயிற்றுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் செரித்துக் கொடுக்கின்றன. அதற்கும் நாள் முழுக்க அசைபோட வேண்டியிருக்கிறது.

மாடு புல்லைத் தின்றுகொண்டே செய்யும் வேலையை ஆலையில் செய்யக் கோடிகள் வேண்டியிருக்கிறது. வைக்கோலை நறுக்கி, அமிலத்திலும் நீராவியிலும் வேகவைத்து, நொதிகளைக் கொட்டி, மாலையை அறுத்து, பிறகுதான் ஈஸ்ட்டிடம் கொடுக்க முடியும். ஹரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு இப்படியோர் ஆலையைக் கட்டியது. 2022 ஆகஸ்டில் திறப்பு விழா. வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். பஞ்சாப், ஹரியானாவில் அறுவடை முடிந்ததும் வயலிலேயே தீ வைத்து, டெல்லியை மூச்சுத் திணறவைக்கும் அதே வைக்கோல். நோக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால், 3 கோடி லிட்டர் என்பது நாட்டின் தேவையில் ஆயிரத்தில் மூன்று பங்கு. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் டூபான்ட் நிறுவனம் மக்காச்சோளத் தட்டையை நம்பி 2015-ல் திறந்த பெரிய ஆலை, இரண்டே வருஷத்தில் மூடப்பட்டது.

வேதியியலைவிடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு: வைக்கோல் சிதறிக் கிடக்கிறது. எடை குறைவு, இடம் அதிகம். அறுவடை சில வாரம்; ஆலை ஓட வேண்டியதோ வருஷம் முழுக்க. வைக்கோல்போர் போட்ட அனுபவம் உள்ள எந்த விவசாயியும், 2 லட்சம் டன்னை மழை படாமல் காப்பது என்றால் என்ன என்று சொல்லிவிடுவார்.

விறகும் அப்படித்தான். ஒரு மெகாவாட் மின்சாரத்துக்கு வருஷத்துக்கு ஏறத்தாழ 10,000 டன் விறகு வேண்டும். 10 மெகாவாட் என்ற சின்ன மின்நிலையத்துக்கே, 10 டன் லாரிகள் தினமும் 27 வர வேண்டும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேலத்தை நம்பி ஆரம்பித்த மின்நிலையங்களின் லாபமும் நஷ்டமும், எவ்வளவு தூரத்திலிருந்து விறகு வருகிறது என்பதிலேயே அடங்கிவிடும். அதைவிட, அங்கேயே மூட்டம் போட்டுக் கரியாக்கி அனுப்புவது சுலபம். மண்ணால் மூடிக் காற்றைக் குறைத்துவிட்டால், விறகிலிருந்து தண்ணீரும் எரியக்கூடிய வாயுக்களும் வெளியேறி, கனம் குறைந்த கரி மிஞ்சும். கரிமூட்டக்காரர் புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே எந்தக் கட்டம் என்று சொல்லிவிடுவார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், இங்கே பஸ்களே கரிவாயுவில் ஓடின. பின்னால் ஒரு கரி உலை. கிளம்புவதற்கு முன்பு அதைக் கைப்பிடி சுற்றி ஊதிப் பற்றவைக்க வேண்டும். வீட்டில் 90 வயதுப் பெரியவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், மேட்டில் ஏறாமல் இறங்கித் தள்ளிய கதையோடு வருவார்கள்.

அடுப்படியில் என்ன கிடைக்கும்?

சாண எரிவாயுவில் இந்தத் தொல்லைகள் குறைவு. மாடு ஏற்கெனவே பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டது. கிடைக்கும் இடமும் கொல்லைப்புறம். காற்றுப் புகாத தொட்டியில் பாக்டீரியாக்கள் மீதியை மீத்தேனாக்குகின்றன. 25 கிலோ சாணத்துக்கு ஒரு கன மீட்டர் வாயு; அது ஏறத்தாழ 430 கிராம் சமையல் கேஸுக்குச் சமம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாலைந்து மாடு இருந்தால் அடுப்பு எரியும். ஒரு 14.2 கிலோ சிலிண்டருக்கு ஈடாக ஏறத்தாழ 800 கிலோ சாணம் கரைக்க வேண்டும். தெம்பு வேண்டும்! ஆனால், வெளியே வரும் கரைசல் வயலுக்கு உரம். பயிரிலிருந்து எடுத்த சத்து திரும்ப மண்ணுக்கே போகிறது. விறகுப் புகை பெண்களின் நுரையீரலுக்குப் போவதும் நிற்கிறது.

நகரத்தில் மாடு இல்லை. எண்ணெய்ச் சட்டி இருக்கிறது. வடை பொரித்த எண்ணெயில் மெத்தனாலும் கொஞ்சம் காரமும் சேர்த்தால், கிளிசரின் கீழே இறங்கி, மேலே பயோடீசல் நிற்கும். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் கிடைக்கும். காட்டாமணக்கிடம் எதிர்பார்த்தது இதைத்தான். நட வேண்டாம், தண்ணீர் பாய்ச்ச வேண்டாம்.

திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் தீங்கான பொருள்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்று 2018 முதல் விதி இருக்கிறது. தினமும் 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகும் உணவகங்கள் கணக்கு எழுதிவைக்க வேண்டும். பழைய எண்ணெயை அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களிடம்தான் கொடுக்க வேண்டும். தெருமுனை பஜ்ஜிக் கடைக்கு அந்தக் கணக்கு நோட்டு வராது. கறுத்த எண்ணெயை வாங்கிக்கொள்ள இரண்டு பேர் வாசலில் நிற்கலாம். ஒருவர் அதை டீசலாக்குபவர். இன்னொருவர், வேறொரு சட்டியில் ஊற்றப்போகிறவர். கடைக்காரர் இருவரிடமும் கேட்பது ஒரே கேள்விதான்: ‘லிட்டருக்கு என்ன தருவீங்க?’